மகன் பெயரில் வரும் அழைப்பு

மாசி 9, ஞாயிறு

காய வைத்த மிளகைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். பேச்சோடு பேச்சாக, "நேத்து யானைச் சீட்டைக் கடைசி வரைக்கும் விடாம வெச்சிருந்து எறக்குனியே கண்ணு, நல்லா ஆடுனே" என்றேன்.

"எந்தச் சீட்டுங்ம்மா?"

காலேஜில் படிக்கும்போது அவன்தான் அந்தச் சீட்டு விளையாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தான். வேலைக்குப் போன பிறகும் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் பெயரில் ஆட்டத்துக்கு அழைப்பு வரும். ஒரு ஆட்டம் ஆடுவோம். அதில் பேச முடியாது. வணக்கம், நன்றி என்று நாலைந்து பொத்தான்கள்தான்.

"அதை உட்டு ரெண்டு வருசம் ஆச்சுங்ம்மா. ரூம்ல இருந்தவன் கேட்டான்னு ஐடியை அவனுக்கே குடுத்துட்டேன். உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. முன்பெல்லாம் அவசரப்பட்டு எல்லாச் சீட்டையும் இறக்கிவிட்டு முழிப்பான். இந்த இரண்டு வருடமாக நிதானம் வந்திருந்தது. வேலை அவனைப் பக்குவப்படுத்திவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த வாசலூர்பட்டிக்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கூட வைத்தேன்.

இன்று ஆடவே கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் பலா மரத்தடிக்குப் போனேன். ஏழு மணிக்கு அதே பெயரில் அழைப்பு வந்தது. எடுத்தேன். அந்தப் பையன் வணக்கம் போட்டான். நானும் போட்டேன்.

மகன் ஜெயிக்கட்டும் என்று என் பெரிய சீட்டை எப்போதும் கையிலேயே வைத்துக்கொள்வேன். இன்றும் இறக்கவில்லை. தோற்றால் இவன் நாளைக்கு வராமல் இருந்துவிடுவானோ என்னவோ.