கழித்த பீடிக்கு ஒரு படம்

1958 ஜூன் 3

பதினாறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எங்கள் கம்பெனி பீடி லேபிளில் உள்ள அன்னம் நான் வரைந்தது. நேற்று கம்பெனி விழாவில் முதலாளி மைக்கைப் பிடித்து, "எங்க மாப்பிள்ளை தாயுமானவன் கைவண்ணம்" என்றார். அன்னம் பிறந்தபோது மாப்பிள்ளைக்கு எட்டு வயது. அபாரமான குழந்தை! சென்னையில் ஓவியம் படித்துப் பட்டயம் வாங்கிய நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

ஜூன் 5

பாலக்கரையிலிருந்து ஷரீபா வந்தார். வீட்டில் பீடி சுற்றிக் கம்பெனிக்குக் கொடுப்பவர். ஆயிரம் பீடியில் இருநூறைச் செக்கர் 'சரியில்லை' என்று கழித்துவிடுகிறார். அதற்குக் கூலி கிடையாது. அதே இருநூறும் மறுநாள் என் அன்னத்தைப் போர்த்திக்கொண்டு கடைக்குப் போகிறது.

"கழிச்சா எங்க கண்ணு முன்னாடியே ஒடிச்சுப் போடட்டும். அதான் கேக்குறோம். நோட்டீஸ் அடிச்சா எங்கள்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படமா போட்டுக் குடுங்க சார்."

ஏழைகள்மேல் எனக்குத் திடீரென்று பிறந்த கருணையைக் கண்டு நானே வியந்தேன். முதலாளி முகம் தொங்குமே என்ற ஆசைக்குக் கருணை என்று பெயர் வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஜூன் 9

காந்தி மார்க்கெட் பழைய சாமான் கடையில் ஒரு துண்டு லினோலியம் கிடைத்தது. ஏதோ ஒரு துரை மிதித்த தரைவிரிப்பு. அதில் அச்சுப் படமாகச் செதுக்கி முடித்துவிட்டேன். செக்கர் மேஜைமேல் ஒரு கையால் பீடியைக் கழிக்கிறார். மேஜைக்கடியில் மறு கை அதற்கு லேபிள் ஒட்டுகிறது. எதிரே பீடி இலை வெட்டும் கத்தரியோடு பெண்கள். கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். மை தடவி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தேன். அற்புதம். திருச்சியில் வேறு எவனால் முடியும்?

ஜூன் 10

ஷரீபா வீட்டில் பத்துப் பெண்கள் படத்தைப் பார்த்தார்கள். ஒரே சிரிப்பு.

"ஏன் சார், நாங்க அத்தன பேருமா நொட்டாங்கை?" என்றார் வேலம்மாள்.

கத்தரி எல்லோருக்கும் இடது கையில்! செதுக்கியது தாளில் வலம் இடமாகத்தான் விழும் — முதல் வருஷப் பாடம். என் பெயரை மட்டும் மறக்காமல் திருப்பிச் செதுக்கியிருக்கிறேன். அது நேராக, அழகாக விழுந்திருந்தது.

வீடு திரும்பும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வழிநெடுக யோசித்தேன். கோபித்துக்கொள்ள ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை.

ஜூன் 11

எழுத ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் அந்தக் கைகளைப் பார்த்தேனா, இல்லையா?

ஜூன் 15

வேலம்மாள் எதிரே உட்கார்ந்து சுற்றிக் காட்டினார். பார்த்துப் பார்த்துப் புதிதாகச் செதுக்கினேன்.

"இப்பத்தான் எங்க கை மாதிரி இருக்கு" என்றார். பட்டயம் வாங்கிய அன்றுகூட இவ்வளவு கூச்சப்படவில்லை.

ஷரீபா படத்தின் கீழே விரலை வைத்தார். "இது உங்க பேருங்களா? வேணாம் சார். இதப் பாத்தா 'அந்த ஆளுக்கு எம்மேல கோவம்'னு சொல்லி முதலாளி முடிச்சிருவாரு. எங்க பேச்சே அடிபடாது."

பொய் என்று சொல்ல முடியுமா? உளியை எடுத்தேன். பெயரைச் சீவ இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வலிக்கத்தான் செய்தது.

நாற்பது தாள் தேய்த்தாயிற்று. நாளைக் காலை செக்கர் வருமுன் கம்பெனிச் சுவரில் ஒட்டுகிறோம், பெயர் இல்லாமலே. பசை காய்ச்சுவது மட்டும் நான்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.