பனிக்கட்டிக்கு அடியில் போன காசு

அன்பு மகளுக்கு,

எனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டாக்டருக்கு எழுதிப் போட்டாய். அது உண்மையில்லை. தெரிந்தே பொய் எழுதினாய் என்று நான் சொல்லவில்லை, விசாரிக்காமல் எழுதினாய் என்கிறேன், பெற்ற மகளுக்கு அதுவே போதுமான தப்பு. இதைச் சொல்லாமல் நலம் விசாரிக்க எனக்குக் கை ஓடவில்லை, அதனால் முதலில் சொல்லிவிட்டேன். மற்றபடி நான் நலம். இந்த வரியை எல்லாக் கடிதத்திலும் பழக்கத்தில் எழுதுவேன், இந்தத் தடவை யோசித்து எழுதுகிறேன். வயிற்றில் போட்ட தையல் ஆறிவிட்டது, குனிந்து நிமிர முடிகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். சின்னக் குட்டிக்கு இருமல் நிற்கவில்லை என்றாயே, ஜன்னல் ஓரத்தில் படுக்க வைக்காதே, மருந்து கொடுத்த கையோடு தண்ணீர் கொடுக்காதே.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நீ என்னோடு பேசும் குரலே மாறிவிட்டது. குழந்தைக்குச் சோறூட்டும்போது பேசுகிற குரலில் "சரிப்பா, சரிப்பா" என்கிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே புகுந்து சரிப்பா போட முடியாது. வருகிற இருபத்தொன்பதாம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டாவது சோதனை என்று நீயும் உன் தம்பி சின்னவனும் முடிவு செய்திருக்கிறீர்கள். அதிலும் நான் தேறாவிட்டால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னையும் அம்மாவையும் சின்னவனுடைய மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. பின்பக்கம் பாத்தியில் நாற்பது ஸ்ட்ராபெரிச் செடி இருக்கிறது, அதை மாடிக்கு யார் தூக்குவது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது. என் வீட்டில் நான் இருப்பேனா மாட்டேனா என்பது ஒரு டம்ளர் பனிக்கட்டியில் வந்து நிற்கிறது, அதனால் அந்த டம்ளரைப் பற்றி முழுசாகப் படித்துவிட்டுப் பிறகு முடிவு செய்.

நீ வெளிநாடு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஸ்ட்ராபெரி காய்ப்பது வருஷத்தில் எட்டு வாரம், அந்த எட்டு வாரத்தில் உனக்கு ஒரு தடவைகூட லீவு கிடைத்ததில்லை. முதல் தடவை நீ வந்தபோது வெறும் இலையைப் பார்த்துவிட்டு "எனக்கு ஒண்ணுகூட வைக்காம எல்லாத்தையும் முழுங்கிட்டீங்களாப்பா" என்றாய். நீ விளையாட்டுக்குச் சொன்னாய், எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அந்த வருஷம்தான் பழத்தை உறைய வைக்க ஆரம்பித்தேன், மூடிப்போன ஐஸ்கிரீம் கடையில் அந்தப் பெட்டி ஃப்ரீசரை வாங்கினதும் அதற்காகத்தான். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் வருஷம் கழுவின ஈரத்தோடு பாத்திரத்தில் கொட்டி வைத்தேன், எல்லாம் ஒரே செங்கல்லாகிவிட்டது, உன் அம்மா சுத்தியலால் உடைத்தாள், சமையலறைச் சுவரெல்லாம் சிவப்பு. அடுத்த வருஷம் காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினேன், கிள்ளின ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், உருகினபோது நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. மூன்றாவது வருஷம் பையில் காற்றை விட்டுவிட்டேன், பழத்துக்கெல்லாம் வெள்ளைத் தாடி முளைத்து வெங்காய வாடை ஏறிவிட்டது. இப்போது எனக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும், காம்போடு கழுவ வேண்டும், ஊற வைக்கக் கூடாது, துணியில் பரப்பி ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும். பிறகு தட்டில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து ஒரு ராத்திரி உறைய விட வேண்டும். "பரீட்சை ஹால்ல பசங்கள உக்கார வைக்கிற மாதிரி வைக்கிறாரு பாரு" என்பாள் உன் அம்மா. மறுநாள் கல் மாதிரி ஆனதும் கால் கிலோ கால் கிலோவாகப் பையில் போட்டு, பை வாயில் ஒரு ஸ்ட்ராவைச் செருகி, உள்ளே இருக்கிற காற்றை வாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு மூட வேண்டும். நீ வீடியோவில் பார்த்துச் சிரித்தாயே, அதுதான். அன்றைக்குச் சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம், அதையே நோய் என்று டாக்டருக்கு எழுதியிருக்க வேண்டாம்.

இனி காசுக்கு வருகிறேன். முப்பத்தொரு வருஷம் லாரி எடைமேடையில் நின்றவன் நான். மீன் ஏற்றின குளிர் லாரிகள் வரும். டீசலை மிச்சம் பிடிக்க டிரைவர்கள் பாதி வழியில் குளிர் மெஷினை நிறுத்திவிட்டு, ஊர் கிட்ட வந்ததும் மறுபடி போட்டுவிடுவார்கள். மீன் உருகி மறுபடி உறைந்திருக்கும், தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஒரு மீன் வியாபாரி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அந்தப் பனிக்கட்டி மேல் ஒரு சில்லறைக் காசை வைத்து, பெட்டிகளுக்கு நடுவே ஒளித்து அனுப்புவார். வந்து சேரும்போது காசு மேலேயே இருந்தால் வழியெல்லாம் குளிர் இருந்தது என்று அர்த்தம். பனிக்கட்டி உருகியிருந்தால் காசு அடிக்குப் போயிருக்கும், பிறகு எத்தனை தரம் உறைந்தாலும் மேலே வராது. டிரைவர் எத்தனை சத்தியம் செய்தாலும் காசு சொன்னதுதான் சாட்சி. அந்தக் காசைத்தான் நம் வீட்டு ஃப்ரீசரிலும் வைத்திருந்தேன். இதில் பைத்தியம் எங்கே இருக்கிறது என்று நீயே காட்டு.

குடலிறக்கத்துக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்த ஆறு நாளில்தான் நடந்தது. நான் படுத்த அன்று வரை பறித்து உறைய வைத்த கணக்கு ஒன்பது கிலோ நானூறு கிராம், ஐந்து வருஷத்தில் இதுதான் அதிகம். நீ இரண்டு மாதத்தில் வருகிறாய் என்று ஒரு பை பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்தேன். காசு டம்ளரின் அடியில் கிடந்தது, அதன் மேல் முழு டம்ளர் பனிக்கட்டி. பைகளில் பழம் ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் சிவப்பாக ஒரு தகடு. யார் ஃப்ரீசரை அணைத்தது என்று கேட்டேன். உன் அம்மா "கரண்டு போயிருக்கும்" என்றாள். அடுத்த வீட்டுத் தையல்காரரைக் கேட்டேன், அவர் மோட்டார் மெஷின் வைத்திருக்கிறார், அவருக்குத் தெரியாமல் கரண்டு போகாது. "ஒரு நிமிஷம்கூட போகலீங்க, போயிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேனே" என்றார். மறுபடி வந்து அம்மாவைக் கேட்டேன். சின்னவன் வந்தான், அவனைக் கேட்டேன். நாலு நாள் கேட்டேன். "ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்" என்று உன் கடிதத்தில் மூன்றாவது குறையாகப் போட்டிருக்கிறாய். பதில் வந்திருந்தால் நான் ஏன் மகளே திரும்பக் கேட்கிறேன்.

நாட்கணக்கில் உருகி, மறுபடி உறைந்த பழத்தை உன் பிள்ளைகள் வாயில் நான் வைக்க மாட்டேன். தையலைப் பிடித்துக்கொண்டு, வாளி வாளியாகக் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினேன். அந்த நேரம் பார்த்து வந்தான் சின்னவன். கையெல்லாம் சிவப்பாக நான் நிற்பதைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானேப்பா இருக்கு, கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னது" என்று கேட்டான். "காசு சொல்லுது" என்றேன். அதைத்தான் அவன் உனக்கு "அப்பா காசோட பேசறாரு" என்று சொல்லியிருக்கிறான்.

டாக்டரம்மா உன் கடிதத்தை என் முன்னாலேயே படித்தார். காசு வைக்கிறார், பையை உறிஞ்சுகிறார், கேட்டதையே கேட்கிறார், தானே சேர்த்துத் தானே கொட்டுகிறார். பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒவ்வொன்றாக. பிறகு "ஐயா, இன்னைக்கு என்ன தேதி" என்று கேட்டார். "உங்க மேஜைக் காலண்டர் இன்னும் நேத்துலயே நிக்குது, முதல்ல அதைக் கிழிங்க" என்றேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். முப்பத்தொரு வருஷம் பார லாரியின் எடையிலிருந்து காலி லாரியின் எடையை வாயாலேயே கழித்தவனைப் பார்த்து. "எந்த லாரின்னு சொல்லுங்க, கழிக்கிறேன்" என்றேன். கடிகாரம் வரையச் சொன்னார், சுவரில் மாட்டியிருக்கிறதே என்றேன். ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொண்டார். உன் தம்பி வெளியே வந்து "கொஞ்சம் பதில் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாப்பா" என்றான். சொல்லியிருக்கலாம்தான், எனக்கும் தெரியும். ஆனால் என்னைக் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல, கேட்க வேண்டிய ஆளும் நானல்ல. அன்று சாயங்காலமே ஃப்ரீசருக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினான், சாவி அவனிடம். வாசல் சாவியையும் என் கொத்திலிருந்து கழற்றிக்கொண்டான்.

அந்தப் பூட்டு விழுந்த பிறகுதான் உன் அம்மா வாய் திறந்தாள். துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். சின்னவன் சனிக்கிழமை வந்தானாம், ஸ்கூட்டருக்கு சார்ஜ் ஏற்ற ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கினானாம், வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் மறுபடி மாட்ட மறந்துவிட்டான். அம்மா காலையும் மாலையும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் ஃப்ரீசர் இருக்கிற பின்பக்கம் போகவே இல்லை. செவ்வாய்க்கிழமை தரையெல்லாம் தண்ணீர் ஓடியதைப் பார்த்து அவள்தான் துடைத்து, பிளக்கை மாட்டியிருக்கிறாள். போன் செய்ததற்கு "மறுபடி உறைஞ்சிடும்மா, அப்பாகிட்ட மூச்சு விடாத" என்றானாம். மறதி யாருக்கு என்று நீயே பார்த்துக்கொள். இத்தனை நாள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு டாக்டர் அறையில் என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "பழத்துக்காகப் பெத்த புள்ளையைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா" என்றாள். புள்ளைக்காகக் கட்டினவனைப் பைத்தியமாக்கலாமா என்றேன். "பைத்தியம்னு யார் சொன்னா, மறதின்னுதானே சொன்னாங்க" என்றாள். நாற்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன வாரம் செடிகளில் கடைசியாக இருபத்துமூன்று பழம் வந்தது, சின்னதுதான், நல்ல சிவப்பு. பெரிய ஃப்ரீசர் பூட்டிக் கிடப்பதால் சமையலறை ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் வைத்து உறைய விட்டேன். மறுநாள் பையில் போடத் திறந்தால் பக்கத்தில் ஒரு டம்ளர், டம்ளரில் பனிக்கட்டி, அதன் மேல் ஒரு காசு. நான் வைக்கவில்லை. உன் அம்மா அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டு திரும்பியே பார்க்கவில்லை. அதை அவள் மன்னிப்பு கேட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. டம்ளரில் காசு வைத்தால் எனக்கு மட்டும்தான் தெரியும், நடந்ததை அவள் மற்றவர்களிடம் வாயால் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். "நான் துடைச்சதை எதுக்கு எழுதணும்" என்றாள். எழுதியது எழுதியதுதான் என்றேன்.

நீ நீண்ட காலம் நன்றாக இரு, உன் பிள்ளைகளுக்குப் படிப்பும் உடம்பும் கூடி வரட்டும், அவர்கள் பெரியவர்களானதும் உன்னிடம் கேட்காமல் உன்னைப் பற்றி யாருக்கும் எழுதாமல் இருக்கட்டும். செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

சின்னவன் செய்ய வேண்டியது: ஞாயிற்றுக்கிழமைக்குள் பூட்டைக் கழற்ற வேண்டும், இரண்டு சாவிகளையும் என் கையில் தர வேண்டும், மேஜையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கியது நான்தான் என்று உனக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். ஸ்கூட்டரை இனி அவன் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

உன் அம்மா செய்ய வேண்டியது: செவ்வாய்க்கிழமை தண்ணீர் துடைத்ததை டாக்டரம்மாவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முழங்கால் வலி என்றால் நான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போகிறேன், உள்ளே வர மாட்டேன்.

டாக்டரம்மா செய்ய வேண்டியது: காலண்டரைக் கிழிக்க வேண்டும்.

மாப்பிள்ளை ஒன்றும் செய்ய வேண்டாம், அவர் ஒருவர்தான் இதில் வாயைத் திறக்காதவர்.

நீ செய்ய வேண்டியது: இருபத்தொன்பதாம் தேதியை ரத்து செய், டாக்டருக்கு எழுதினது தப்பு என்று அதே டாக்டருக்கு எழுது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் மேல் தட்டைத் திற. காசு மேலே இருந்தால் இருபத்துமூன்றையும் நீங்கள் நாலு பேரும் பிரித்துச் சாப்பிடுங்கள், முழுக்க உருக விடாதே, பாதி உறைந்திருக்கும்போதே வாயில் போட வேண்டும். காசு அடியில் இருந்தால் என்னை ஒன்றும் கேட்காதே. வீட்டில் மற்றவர்கள் இருக்கிறார்கள், இந்தத் தடவை அவர்களைக் கேள்.

இப்படிக்கு,
இன்று வியாழக்கிழமை, பதினேழாம் தேதி என்று காலண்டரைப் பார்க்காமல் எழுதும்
உன் அப்பா