வழியில் ஓர் இலவச அறை

பிப்ரவரி 11

இன்று தெருமுனைத் தையல்காரருக்கு டிக்கெட் போட்டேன். மகளைப் பார்க்கப் போகிறார். விமானம் மாறும் ஊரில் பொழுது முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் நாற்காலியில கெடக்கணும்? விமானக் கம்பெனியே ரூம் தரும், சாப்பாடும் தரும்" என்றேன். நம்பவில்லை. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும், அதைவிடச் சீக்கிரம் கிளம்பும் விமானம் இருக்கக் கூடாது, முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், பெரிய பெட்டி கைக்கு வராது என்பதால் மாற்றுத்துணியைக் கைப்பையில் வைக்க வேண்டும் — எல்லாம் சொல்லி அனுப்பினேன். இந்த டிராவல்ஸில் எனக்குப் பட்டப்பெயரே 'ஓட்டல் அம்மா'.

வீட்டில் வேறு பெயர். மாமியார் இன்றும் ஆரம்பித்தார்: "எம் பையன் ஊர் ஊரா அலைஞ்சு ஏர்போர்ட்டுல தூங்குறான். நீ ஏசியில உக்காந்து பட்டனைத் தட்டுற."

என் கணவர் தூங்குவது மெத்தையில் என்று எத்தனை முறை சொல்வது? அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

மார்ச் 3

தையல்காரர் வந்தார். கையில் ஒரு சாக்லேட் பெட்டி. ரூம் பிரமாதம், வெந்நீர் பிரமாதம் என்றார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"மனசுல வெச்சுக்க முடியலம்மா. அந்த ஓட்டல்ல உங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். வரிசையில எனக்கு முன்னால நின்னாரு. கூட ஒரு அம்மா. 'நானும் மனைவியும், ஒரே ரூம் போதும்'னு சொன்னாரு."

"வேற யாராவது இருக்கும்."

"அவர் பேன்ட்டுக்கு அளவெடுக்கறவன் நான். முதுகைப் பாத்தாலே தெரியும்."

யார் என்று கேட்கவில்லை. தேவையில்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். அவற்றை இயக்கப் பயிற்சி கொடுக்க அதே கம்பெனியிலிருந்து ஒருத்தி போவாள். அந்தக் கம்பெனி டிக்கெட்டெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். "பக்கத்துல போட்ரு, வேலை பேசிட்டே போகலாம்" என்பார். போட்டேன். ஒவ்வொரு தடவையும் போட்டேன். என் கையால. இந்தக் கையால!

மார்ச் 4

அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலரைக் கருக்கினேன். தெரிந்துதான்.

மார்ச் 9

கேட்டால் என்ன சொல்வான்? தையல்காரருக்குக் கண் மங்கல் என்பான். மாமியார் சாட்சிக்கு வருவார். போன வருஷம் ஒரு நாள், போனை ஏன் அணைத்து வைத்தீர்கள் என்று அவனிடம் நான் கேட்டதற்கே, "சந்தேகப்படறதை விட்டுட்டு சமையலைப் பாரு. எம் பையன் தங்கம்" என்றவர்தானே. அவன் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

தங்கமாம். உரசிக் காட்டுகிறேன். அம்மா, பிள்ளை, இரண்டு பேருக்கும் சேர்த்து.

மார்ச் 13

அவனே வந்து மாட்டிக்கொண்டான். அடுத்த வாரம் கிளம்பி மாதக் கடைசியில் திரும்ப வேண்டுமாம், டிக்கெட் போடச் சொன்னான்.

"அந்தப் பயிற்சி அம்மாவும் வர்றாங்களா?"

"யாரு? ஓ... வருவாங்கன்னு நினைக்கிறேன். பக்கத்துல போட்ரு."

போட்டேன். அவளுக்கு ஜன்னலோரம். திரும்பும்போது வழியில் நல்ல நீளமான தங்கல். ஓட்டலுக்கும் நானே விண்ணப்பித்தேன். சுகமாக இருக்கட்டும்.

மார்ச் 15

வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார், அம்மாவை அனுப்பு அனுப்பு என்று வெகு நாளாகக் கேட்கிறாள். "நானே கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்றேன்.

"என்ன திடீர்னு பாசம் பொங்குது?"

"நாம விமானம் மாறுற ஊர்லதான் அவரும் திரும்பி வரும்போது மாறுவாரு. அதே ஓட்டல்தான். சொல்லாமப் போய் முன்னால நின்னா எப்படி இருக்கும்?"

சின்னப் பெண் போலச் சிரித்தார். "வாயைத் தொறக்க மாட்டேன், போ!" அவனிடம், நாங்கள் ஏப்ரலில்தான் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டோம். அதாவது சொன்னது மாமியார். எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார். பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது.

மார்ச் 24

மாமியார் கடைக்குப் போய்க் கழுத்துத் தலையணை ஒன்று வாங்கி வந்திருக்கிறார். அவனுக்காம். "உக்காந்தே தூங்கினா கழுத்து புடிச்சுக்கும், பாவம்."

மார்ச் 28, ஓட்டலில்

மாலையே வந்து சேர்ந்தோம். சின்ன பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். மாமியார் ஓட்டலில் தங்குவது இதுதான் முதல் தடவை. திரைச்சீலையை இழுத்து இழுத்துப் பார்த்தார். சோப்பு, சீப்பு, தையல் ஊசி எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, "கேக்க மாட்டாங்கல்ல?" என்றார். தொட்டியில் வெந்நீர் நிரப்பிக் கொடுத்தேன். உள்ளிருந்து குரல்: "ஏய், நீ கெட்டிக்காரிதான்டி!"

கல்யாணம் ஆனதிலிருந்து என்னை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கா சொல்ல வேண்டும்?

இப்போதும் நிறுத்தலாம். சாப்பாட்டை அறைக்கே வரவழைத்துவிட்டு, அவன் விமானம் தாமதம் என்று சொல்லிவிடலாம்.

மாட்டேன். அவங்களும் பாக்கணும். பாக்காம நம்ப மாட்டாங்க.

மார்ச் 29

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை உணவுக் கூடத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். மாமியார் தட்டில் ரொட்டியும் பழமும், அக்குளில் தலையணை. விமானம் விடியலிலேயே இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

வந்தார்கள். அவளுக்குத் தலை ஈரம். அவன் கை அவள் இடுப்பில்.

"வந்துட்டான்டி!" என்று மாமியார் எழுந்தார். பாதி எழுந்தபோது அந்தக் கையைப் பார்த்தார். முகம் அப்படியே அணைந்தது. அதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? பார்த்தேன்.

கத்துவார், இல்லை என் மேல் பாய்வார் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. நேராக அவர்கள் மேசைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். தலையணையை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கழுத்து வலிக்குமேன்னு வாங்கினேன். உனக்குத் தேவைப்படாது போல."

அந்த நேரம் பார்த்துக் சாப்பாட்டுக் கூப்பன் வாங்குகிற தமிழ்ப் பணியாள் வந்தான். "சார், இது உங்களுக்கும் உங்க மனைவிக்கும்தான். இவங்க எந்த ரூம்?"

"நான் இவனைப் பெத்தவ" என்றார் மாமியார். "இவ இவன் பொண்டாட்டின்னா, பின்னால நிக்கிறாளே, அவ யாருன்னு இவனையே கேளுப்பா."

அப்போதுதான் என்னைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. "அம்மா... ரூம் பத்தலைன்னு சொன்னாங்க, அதான்..."

"ஆளுக்கொரு ரூம் கேட்டா குடுப்பாங்க" என்றேன். "தெரியாதா? நான் சொல்லிக் குடுத்திருக்கேனே."

அவள் எழுந்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லைன்னு சொன்னாரு..."

"இல்லாமதான் ஜன்னல் சீட்டு போட்டுக் குடுத்தேனா?"

அவள் அவனைப் பார்த்த பார்வை! எனக்கு மட்டுமல்ல, அவளுக்கும் அவன் காது குத்தியிருக்கிறான். பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

நான் என் மேசைக்குத் திரும்பி முட்டையைச் சாப்பிட்டேன். நல்ல பசி. இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அறைக்கு வந்ததும் மாமியார் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

யோசித்தார். "மாட்டேன்" என்றார். பிறகு, "அவனை அடிக்க என்னைக் கையில எடுத்துட்டியே. எனக்கும் வலிக்கும்னு தெரியாதா உனக்கு?"

தெரியும் அத்தை. வலிக்கணும்னுதான் செஞ்சேன். சொல்லவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முட்டை தின்றபோது வராத அழுகை.

ஏப்ரல் 6

மாமியாரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பினேன். விடைபெறும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் அவன். "என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே, அம்மாவை எதுக்கு இழுத்தே?" செய்ததற்கு வருத்தம் இல்லை, அம்மா பார்த்ததற்குத்தான் வருத்தம். அவன் பயணப் பெட்டி இன்னும் பிரிக்காமல் கிடந்தது. எனக்கு வேலை மிச்சம். அப்படியே வாசலில் கொண்டுபோய் வைத்தேன்.

ஏப்ரல் 8

அந்தக் கம்பெனி டிக்கெட்டை இனி நான் போட மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். ஏன் என்றார். சொன்னேன், ஒளிக்காமல், மூன்று கிளார்க்குகள் கேட்க. சாயங்காலத்துக்குள் அவன் ஆபீஸ் முழுக்கப் போயிருக்கும். போகட்டும்.

ஏப்ரல் 21

அவன் ஒரு லாட்ஜில் இருக்கிறானாம். சொந்தக் காசில்.

மே 2

நாத்தனார் போன் செய்தாள். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "அண்ணி, அவங்க உங்களைத் திட்டறதுகூட இல்ல. அதான் பயமா இருக்கு." ராத்திரி தூக்கம் இல்லை. அவனை நினைத்தால் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. அத்தையை நினைத்தால் இல்லை.

மே 18

இன்று அத்தை திரும்பி வந்தார். டிக்கெட்டை மகளே போட்டிருக்கிறாள். எந்த விமானம் என்று கேட்டு நானாகத்தான் போனேன். என் கூட வருவார் என்று நினைத்துப் போகவில்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

விமான நிலைய வாசல் கம்பியருகில் அவனும் நின்றான். இளைத்திருந்தான், கையில் கார்ச் சாவி. ஒருவரையொருவர் பார்த்தோம்.

அத்தை தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். இரண்டு பேரையும் பார்த்தார். அவன் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்தான். "வாம்மா, வண்டி அந்தப் பக்கம். தனி வீடு பாத்திருக்கேன்."

"பெட்டி கனம்" என்றார் அத்தை. "நீயே தூக்கிட்டு வா."

தூக்கினான். அவர் நேராக என்னிடம் வந்தார். "டாக்ஸி எங்க நிக்குது?"

கை காட்டினேன். அவன் பெட்டியோடு பின்னாலேயே வந்து டாக்ஸியின் டிக்கியில் வைத்தான். மூடினான். இன்னும் ஏதோ இருப்பது போல நின்றான். அத்தை ஏறி உட்கார்ந்து, எனக்காக நகர்ந்து இடம் விட்டார்.

வண்டி கிளம்பியதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை பார்த்தார், வளைவு வரும்வரை. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.