மஞ்சள் துணி

காஜா பெராங், மலாக்கா
20 செப்டம்பர் 1957

அத்தானுக்கு,

மகள் நலம். இங்கே சுதந்திரம் வரும் மெர்டேக்கா நாளுக்கு முன்பே ஊரிலிருந்து கப்பலேறிவிடுவதாக நீங்கள் எழுதியபோது, முனீஸ்வரருக்கு ஒரு சேவல் குஞ்சை நேர்ந்து காலில் மஞ்சள் துணி கட்டிவிட்டேன். நீங்கள் வந்திறங்கியதும் கொடுப்பதாக வேண்டுதல். மெர்டேக்கா முடிந்து மூன்று வாரமாகிறது.

அந்தக் குஞ்சுக்கு இப்போது வெள்ளைக் கழிச்சல். கழுத்து நிற்கவில்லை. சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து உருட்டி, ஐந்து நாளாக வாயைத் திறந்து ஊட்டுகிறேன். விழுங்க மாட்டேன் என்கிறது. என்ன செய்கிறது என்று சொல்ல அதற்கு வாயில்லை. வாய் இருப்பவர்களே சொல்வதில்லை.

போன கப்பலில் வந்த மாசிலாமணி உங்களை அங்கே கோவில் வாசலில் பார்த்தாராம். உங்கள் தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததாம். யார் குழந்தை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்கா வந்து பார்த்தார். "இது பொழைக்காது தங்கச்சி. துணிய அவுத்து வேற குஞ்சுக்குக் கட்டு. சாமி கோவிச்சுக்காது" என்றார்.

இன்று காலை துணியை அவிழ்த்துவிட்டேன். கொல்லையில் நல்ல சேவல் குஞ்சுகள் நான்கு ஓடுகின்றன.

எதற்கும் கட்டவில்லை.

உங்கள் மகளின் அம்மா