வடக்கு வாசல் மண்

8 செப்டம்பர் 2025

நஞ்சன்கூடு சாலையில் மூடிக்கிடக்கும் பேட்டரி ஆலையில் மண் எடுக்கும் வேலை இன்று முடிந்தது. உள்ளே போனாலே வயிறு எரிகிறது. முதலாளி பல வருடங்களுக்கு முன்பே பூட்டிவிட்டுப் போய்விட்டான். உடைத்த பேட்டரிகளைக் கொட்டிய குழியை மட்டும் ஊருக்கு விட்டுவைத்தான். இப்போது ஒரு கட்டுமான நிறுவனம் அங்கே கடை வளாகம் கட்டப் போகிறது. அதற்கு முன் மண்ணில் எவ்வளவு ஈயம் இருக்கிறதென்று எங்கள் மண் பரிசோதனை நிறுவனம் சோதித்துச் சொல்ல வேண்டும்.

வடக்கு வாசலுக்கு எதிரே பழைய தொழிலாளர் காலனி. வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் இருப்பதால் யாராலும் அங்கே இருப்பவர்களை அசைக்க முடியவில்லை. அந்தப் பக்கம் ஒரே ஒரு மாதிரி போதும் என்று மேலாளர் பட்டாபிராமன் சார் சொல்லிவிட்டார். சந்து முழுக்க சிமெண்ட். ஆலையின் வாசற்கதவை ஒட்டித்தான் கொஞ்சம் வெறும் மண் தெரிந்தது. அங்கே துளை போட்டு எடுத்தேன்.

எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாதேவியக்கா எட்டிப் பார்த்தார். எங்கள் ஊர் ஹனூர்ப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது.

“என்னம்மிணி, பொதையலா?”

“ஈயம் தேடறேன்க்கா.”

“அது எங்கூட்டுக்காரரு ஒடம்புலயே கெடக்குது. அங்க நோண்டு.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

19 செப்டம்பர்

முடிவுகள் வந்தன. குழி படுமோசம், எதிர்பார்த்ததுதான். ஆனால் வடக்கு வாசல் மாதிரியிலும் அனுமதித்த அளவைப்போல் பல மடங்கு ஈயம்.

அப்படியானால் காலனிக்குள்? அந்தச் சந்தில் தவழும் பிள்ளைகள்?

23 செப்டம்பர்

கட்டுமான நிறுவனத்தோடு கூட்டம். வடக்கு வாசல் மாதிரியின் எண்ணைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வெளிச்சம். காலனியும் பாதிக்கப்பட்ட பகுதியாம். எல்லாரையும் ரிங் ரோட்டுக்கு அப்பால் மாற்றிவிடலாமாம். “அவங்க நல்லதுக்குத்தானே மேடம்.”

ஆலை புகை கக்கியபோது இந்த நல்லெண்ணம் எங்கே மேய்ந்துகொண்டிருந்தது? சுவரில் மாட்டிய வரைபடத்தில் காலனி இருக்கும் இடத்தில் வண்டி நிறுத்துமிடம். அச்சிட்ட தேதி ஜூலை. நான் மண் எடுப்பதற்கு முன்பே!

வெளியே வந்ததும் சாரிடம் கத்தினேன். “ஒரே ஒரு சாம்பிள் சார்! அத வச்சு ஒரு காலனியையே தூக்குவாங்களா?”

“சும்மா கத்தாதே பிரியா. நம்பர் பொய்யா?”

பொய்யில்லை. அதுதான் அறுக்கிறது. விஷம் உண்மையென்றால் அவர்கள் அங்கே இருக்கவும் கூடாது. இருங்கள் என்று எப்படிச் சொல்வேன்? போங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்?

26 செப்டம்பர்

காலனிக்குள் மறுபடி மண் எடுக்க அனுமதி கேட்டேன். “உன் லீவுல எடுத்துக்கோ” என்றார் சார். பெரிய தாராளம்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

விடுமுறைதானே என்று கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். காலனியே வடக்கு வாசலில் நிற்கிறது. துருப்பிடித்த கதவுக்கு வாழைக்கன்று, சாமந்தி மாலை. மூடின ஆலைக்குப் பூஜை!

“சோறு போட்ட கதவும்மிணி. வருசம் தவறுனதில்ல” என்றார் ஜடையண்ணன், மாதேவியக்காவின் கணவர்.

“வெசமும் போட்டுதேண்ணா?”

“அதுக்குத்தான் திருஷ்டி சுத்தறோம்” என்றார் அக்கா.

குடைந்த பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டிக் கதவு முன்னால் ஓங்கி உடைத்தார்கள். சிவப்பு தெறித்தது. அக்கா அதே குங்குமப் பொட்டலத்தோடு என் துளைக்கருவிக்கும் பொட்டு வைக்க வந்தார்.

“வேண்டாங்க்கா! மண்ணுல கலந்துரும் —”

குனிந்து பார்த்தேன். பூசணிக்காய் உடைந்து கிடந்தது நான் துளை போட்ட இடத்தில்.

வருடா வருடம் அதே இடம். பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சுச் சிவப்பு. மலிவுக் குங்குமத்தில் நிறத்துக்காக ஈயச் செந்தூரம் கலப்பது தெரிந்த விஷயம்தான். எங்கள் வீட்டு டிராக்டருக்கு முன்னாலும் அம்மா இப்படியேதான் பூசணி உடைக்கிறாள். எனக்கு ஏன் தோன்றவில்லை? ‘இங்கே என்ன செய்வீர்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மடச்சி.

இன்றைக்குக் கடப்பாரையைத் தொடக்கூடாது என்றார்கள். சரி, நாளை மறுநாள்.

3 அக்டோபர்

ஜடையண்ணன் சந்துச் சிமெண்டை உடைத்துக் கொடுத்தார். காலனி நெடுக எட்டு மாதிரிகள் எடுத்தேன். குங்குமமும் ஒரு பொட்டலம்.

14 அக்டோபர்

எட்டும் சுத்தம்.

எட்டும்!

குங்குமத்தில் ஈயம் எக்கச்சக்கம்.

அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எத்தனை நாள் கழித்து ஒரு நல்ல அழுகை. அப்புறம் போய்த் தாளைச் சார் மேசையில் வைத்தேன்.

“குங்குமமா?” தன் நெற்றி நாமத்தின் சிவப்பு ஸ்ரீசூர்ணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விரல் நுனியைப் பார்த்தார். பிறகு, “வாசல் மண்ண மட்டும் சுரண்டி எடுக்கச் சொல்லு. காலனி பாதிப்பு எல்லைக்கு வெளியேன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

மாலையில் காலனிக்குப் போய், அந்தக் குங்குமத்தை யாரும் வைக்காதீர்கள் என்றேன்.

“அப்ப ஆலைக்காரன் தப்பிச்சுட்டான், குங்குமக்காரன் மாட்டிக்கிட்டானா?” என்றார் மாதேவியக்கா.

“ரெண்டு பேரும் தப்பிக்கலக்கா. குழி அப்படியேதான் கெடக்குது.”

6 நவம்பர்

காலனிப் பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. காலனியை மாற்றும் பேச்சும் நின்றுவிட்டது.

9 பிப்ரவரி 2026

குழி மண்ணை லாரிகளில் ஏற்றுகிறார்கள். தார்ப்பாய் சரியாக மூடாத ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினேன். டிரைவர் முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும்.

மதியம் காலனிப் பக்கம் போனேன். மாதேவியக்கா வீட்டுத் தகரக் கூரையை இறக்கிவிட்டார்கள். சந்தில் செங்கலும் மணலும். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு கொத்தனாரை விரட்டிக்கொண்டிருந்தார்.

“செவுத்தக் கெட்டியா வெய்யிங். நாளைக்கு மேல ஒரு மாடி ஏத்தோணும்.”