மல்லிகாவுக்காக மெழுகாமல் விட்ட இடம்

என்னை முதலில் தூக்கி முத்தமிட்ட அம்மாவுக்கு,

நம் மல்லிகா பள்ளிக்கூடம் போகிறாள். நம்புவாயா? எட்டு வயதாகியும் யார் முகத்தையும் பார்க்காதவள், பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்பவள், ஒன்றாம் வகுப்பில் தூணோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

நீ களையெடுக்கப் போகும்போது அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை ஏழாம் வகுப்போடு நிறுத்தினாய். அதில் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. நீ கண்ணை மூடிய பிறகு அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வேலியோரம் நிற்பேன். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் புது டீச்சர் ஒருநாள், "ஏன் வெளியவே நிக்கறீங்க, உள்ள அனுப்பும்மா" என்றார். எனக்கும் உள்ளே போக ஆசைதான். அவளைத்தான் அனுப்பினேன்.

நான்கு நாள் நன்றாக இருப்பாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சத்துணவு முடிந்ததும் அலறத் தொடங்குவாள். தலையைத் தூணில் முட்டுவாள். டீச்சர் கட்டிப்பிடித்தால் இன்னும் அதிகமாகும். முதல் வரிசைக்கு மாற்றிப் பார்த்தார், அதற்கும் அழுதாள். சத்துணவு ஆயாதான் காரணம் கண்டுபிடித்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கத்துதுன்னா வேற என்ன, புள்ள மேல ஆத்தா எறங்கிட்டா" என்று மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் தேங்காய் பழத்தோடு வந்துவிட்டார்கள். "ஆத்தா, எம்மவளுக்கு மாப்ள எந்தத் தெசையில வரும், சொல்லு தாயி" என்று ஒருத்தி கும்பிட்டாள். மல்லிகா காதைப் பொத்திக்கொண்டு, கண்டக்டர் சொல்வதை அப்படியே சொன்னாள். "ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, ஏறு ஏறு."

"மீன்சுருட்டிப் பக்கம்னு வாக்குக் குடுத்துட்டா" என்று அந்த அம்மாள் அழுதே விட்டாள். நீ இருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய சார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "இது பள்ளிக்கூடமா, கோயிலா? வர்ற வெள்ளிக்கிழமையும் இப்படின்னா வீட்டோட வச்சுக்கங்க" என்றார். அப்பா அதற்கு வருத்தப்படவில்லை, அதுதான் எனக்குப் பயம். "பள்ளிக்கூடத்துல திட்டு வாங்கறதுக்கு வூட்டுல உக்காந்து கும்புடு வாங்கட்டுமே. ஊரே மதிக்குதுல்ல" என்றார். சாமி என்று உட்கார வைத்துவிட்டால் அப்புறம் யார் அவளுக்குப் பாடம் சொல்வார்கள்? யார் அவளோடு விளையாடுவார்கள்?

சாணி வாசனைதான் அவளுக்கு ஆகவில்லை என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம்தானே பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு அஞ்சாம் வகுப்புப் பெண்கள் வகுப்பறையை மெழுகுவார்கள். ஆனால் நம் வீட்டு வாசல் சாணத்தில் அவள் விரலால் கோடு போட்டு விளையாடுகிறவளாயிற்றே.

அன்று வீடு மெழுகக் குனிந்தபோதுதான் உன் நினைவு வந்தது. நீ எப்போதும் அவள் தூங்கும்போதுதான் உள்வீடு மெழுகுவாய். அவள் படுத்திருக்கும் மூலையை விட்டுவிடுவாய். எழுந்த பிறகு அதை மட்டும் தனியாக மெழுகுவாய். சோம்பல் என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்துதான் செய்தாயா அம்மா? தெரிந்திருந்தால் எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

மறுநாள் டீச்சர் தண்ணீர் அடிக்கப் பம்புக்கு வரும்வரை காத்திருந்தேன்.

"டீச்சர், அவ எடம் போயிடுதுங்க."

"எந்த எடம்மா?"

"தூணோரம். மெழுவிட்டா அவளுக்கு உக்கார எடமே இல்லைங்க. அதான் கத்துறா."

டீச்சர் குடத்தைக் கீழே வைத்தார். "திங்கக்கிழமை மட்டும் ஒண்ணும் பண்ண மாட்டேங்கறாளே."

"காஞ்சதும் திரும்ப வந்துடுதுங்க."

அவர் சிரிக்கவில்லை. வகுப்பறைப் பக்கம் திரும்பினார். "நான் மரத்தடிக்கு இழுத்துட்டுப் போறப்பல்லாம் திரும்பித் திரும்பி அங்கதான் ஓடுவா. நான் மத்த புள்ளைங்களப் பாத்துப் பயந்து ஓடுறான்னு நெனச்சேன். வேற என்னென்ன இருக்கு, சொல்லு" என்றார். பின்னாலிருந்து தொடக்கூடாது, கேள்வி கேட்டால் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றேன். அவ்வளவு பேச்சு நான் யாரிடமும் பேசியதில்லை.

ஆயாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "வெள்ளிக்கெழம பாதிய வுட்டுட்டு மெழுவுனா ஆவாது டீச்சர்."

"அவ போனதும் மிச்சத்த நானே மெழுகிடறேன் ஆயா" என்றார் டீச்சர்.

நேற்றுத்தான் அந்த வெள்ளிக்கிழமை. மற்ற பிள்ளைகள் வெளியே போனார்கள். மல்லிகாவை யாரும் எழுப்பவில்லை. தூணைச் சுற்றி ஒரு பாய் அகலம் விட்டு மெழுகினார்கள். வாளி சத்தத்துக்குக் காதைப் பொத்தினாள். ஈரம் கிட்டே வந்தபோது ஒரே ஒரு தடவை கத்தினாள். பெரிய சார் தன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். வேலிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் அவளைத் தொடவில்லை. அவள் முன்னே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். அவளும் வைத்தாள். கத்தல் அடங்கிவிட்டது.

கேட்டருகே தேங்காயோடு நின்ற பெண்கள், "ஆத்தா இன்னிக்கு எறங்கலியா?" என்றார்கள்.

"ஆத்தாளுக்கு இன்னிக்குக் கணக்குப் பாடம் இருக்காம், போங்க" என்றார் ஆயா. அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் விரட்டிவிட்டார்.

பெரிய சார் என் பக்கம் பார்க்காமலே, "திங்கக்கிழமை அனுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு மிச்சத் தரையை மெழுகினார். அவருடைய பஸ் போய்விட்டது.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. காலையில்கூட ஒருத்தி கற்பூரத்தோடு நம் வாசலுக்கு வந்தாள். வரும் வருஷம் இரண்டாம் வகுப்பு எதிர்க் கொட்டகையில். அங்கே தூண் இல்லை. அந்த வகுப்பு சார் கையில் எப்போதும் பிரம்பு இருக்கும், அவரைக் கண்டால் எனக்கே கால் பின்வாங்கும். டீச்சருக்கு மாற்றல் வந்தால்? நான் சொல்வதை அடுத்தவர்கள் கேட்பார்களா?

ஆனாலும் அம்மா, அடுத்த வருஷம் பள்ளி திறப்பதற்கு முன்பே அந்த சாரிடம் போவேன். பேச்சு வராவிட்டால் வரும்வரை அங்கேயே நிற்பேன். உனக்குத் தெரிந்து எனக்குச் சொல்லாமல் போனதை எல்லாம், கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நான் சொல்வேன். அவளைச் சாமியாக்க விடமாட்டேன். பிள்ளையாகவே வைத்திருப்பேன்.

உன் மூத்த மகளும்
மல்லிகாவின் அக்காவுமான
செந்தாமரை