குழாயில் ஊற்றிய தேநீர்

சிங்கப்பூர்
14.3.1984

அன்புள்ள அம்மாவுக்கு மகள் பிரிஜட் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்ததா?

எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதீர்கள், கண் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. என் வார்டில் வேலாயுதம் என்று ஒரு சர்க்கரை நோயாளி, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பக்கவாதம் வந்து விழுங்க முடியாததால், மூக்குக் குழாய் வழியாக இனிப்பில்லாத பால்மாவைக் கரைத்து ஊற்றுகிறோம். நேற்று அவர் அண்ணன் பிளாஸ்கில் கொண்டுவந்த, இனிப்பு டின் பால் கலந்த தேநீரைக் குழாயில் ஊற்றத் தொடங்கிவிட்டார். நான் குழாயை மடக்கிப் பிடித்தேன்.

“சப்புன்னு எதையோ ஊத்தி என் தம்பியக் கொல்றீங்க, கைய எடு லா!” என்று பிளாஸ்காலேயே என் முகத்தில் அடித்தார். நானும் சும்மா விடவில்லை, ரத்தம் வரும்வரை அவர் கையைக் கடித்தேன். அதற்குள் வேலாயுதம், அசைகிற ஒரே கையால் என் முடியைப் பிடித்துக் கட்டில் கம்பியில் மோதினார். அவருக்கும் அந்தத் தேநீர்தான் வேண்டியிருந்தது. எனக்கு மூன்றே தையல்.

மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. பதிலைப் பெரிய எழுத்தில், நிறைய எழுதுங்கள்.

டியூட்டிக்கு நேரமாகிறது. அப்பா காப்பிக்குச் சீனியே கூடாது என்று போன கடிதத்தில் கத்தியிருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அரைக் கரண்டி போட்டுக் கொடுங்கள். வாயால் குடிக்கிற நாளிலேயே குடிக்கட்டும்.

பிரிஜட்